ஓராண்டுத் தவணையில் தன்னம்பிக்கை

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அத்திப்பள்ளியை அடுத்து வருவது சந்தாபுரா. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து காலைப் பேருந்தில் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகளுள், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் உண்டு. நல்ல மதிப்பெண் பெற்றுச் சேர்ந்திருந்தும், வகுப்பில் பிறர் தயக்கமின்றி ஆங்கிலத்தில் பேசக் கேட்டதும், 'இந்த இடத்துக்கு நான் தகுதிதானா?' என்ற ஐயம் அவர்களுள் எழுகிறது.

இது தனியொருவரின் குறை அன்று. தம் வெற்றியைத் திறமையின் பயனாகக் கருதாமல், தற்செயலாக வாய்த்ததென எண்ணி அஞ்சும் இம்மனநிலையைப் பற்றி, பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் எழுதினர். அவர்கள் ஆராய்ந்தது, படிப்பிலும் பணியிலும் சிறந்து விளங்கிய பெண்களையே.

நம் தகுதியைப் பிறரே ஐயுற்றால் என்ன செய்வது? பெங்களூரின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு. 1933-இல் பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். அப்போதைய இயக்குநர், நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். பெண் என்பதால் இடமளிக்க மறுத்தார். கமலா ஊர் திரும்பிவிடவில்லை. நேரில் சென்று காரணம் கேட்டு, உறுதியாக நின்றார். இறுதியில், முதலாண்டைச் சோதனைக் காலமாகக் கொள்வதென்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. அந்த ஓராண்டு உழைப்பு இராமனின் மனத்தை மாற்றியது. பிற பெண்களுக்கும் கதவு திறந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் சென்ற கமலா, 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று இன்று அறியப்படுபவர் அவரே.

அந்த நிபந்தனை நியாயமற்றது. ஆயினும், நம்பிக்கை வந்தபின் உழைப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை, உழைப்பையே சான்றாக்கினார்.

நம் பிள்ளைகள் அத்தகைய தவணையைத் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளலாம். முதல் பருவத் தேர்வைக் கொண்டே தம்மைப் பற்றித் தீர்ப்பெழுதாமல், அதனை ஓராண்டு தள்ளிவைக்கட்டும். புரிந்த பாடம், துணிந்து கேட்ட கேள்வி, தாமே தீர்த்த கணக்கு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவரட்டும். பாஸ்புக்கில் பதிவாகும் சிறு வரவுகளைப் போல அவை சேரும். சோர்ந்த நாளில் மனம் மறந்தாலும் ஏடு மறவாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். 'கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம்' என்று அடிக்கடி நினைவூட்டுவது, பிள்ளையின் ஐயத்தையே வளர்க்கும். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது. வங்கியே பொறுத்திருக்கும்போது, வீடும் சற்றுப் பொறுத்திருக்கலாம்.