பாலித் தீவுக்கு ஏன் போக வேண்டும்?

பேரப்பிள்ளைகள் கடற்கரை வேண்டும் என்றார்கள். மருமகள் கோயில் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கோ கல்வெட்டுப் பைத்தியம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, மகன் இந்தோனேசியாவின் பாலித் தீவைச் சொன்னான். "காசு கொடுத்து விமானம் ஏறிப் போய்க் கடலில் குளிக்கணுமா?" என்று முதலில் நான் முறுக்கிக்கொண்டது உண்மை. எட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, நம் சங்கத்து அன்பர்கள் பலர் "அங்கே அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதித் தருகிறேன்.

அடியேன் செய்யாறு பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். புணேயில் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை சாத்திய பிறகு படித்ததுதான். ஆகவே பிழை இருப்பின் பொறுத்தருள்க.

நாம் கொடுத்ததா?

"பாலியில் இருப்பதெல்லாம் நாம் கொடுத்ததே" என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். கணக்குப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

தொடர்பு மிகப் பழையது, அதில் ஐயமில்லை. தீவின் வடகரையில் செம்பிரான் என்னும் ஊர். அங்கே இ வாயன் ஆர்திகா என்ற பாலி நாட்டுத் தொல்லியல் அறிஞர் 1980களின் பிற்பகுதியில் அகழ்ந்தபோது, உருளைக் கோடுகள் இட்ட மண்கலத் துண்டுகள் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகே நம் அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் கீழைக்கரைச் சரக்கு பாலிக் கரையில் இறங்கியிருக்கிறது. கலம் வந்ததென்றால் வியாபாரியும் பின்னாலேயே வந்திருப்பான் அல்லது பல கை மாறி வந்திருக்கும்.

ஆனால் ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியலில் பாலி இல்லை. கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் சுமத்திராத் தீவின் பாரூசில்தான், பாலியில் அன்று. நம் நாட்டிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி சாவகம் வழியாகவே பாலிக்குப் போயிற்று. போனதை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவுமில்லை. தங்கள் மலை, ஏரி, முன்னோர் வழிபாடு எல்லாவற்றோடும் பிசைந்து தமதாக்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்டு மொழியில் வியாபாரத்தில் போடும் பணத்துக்கு 'மோடல்' என்று பெயர். நம் 'முதல்' என்ற சொல்தான் அது! கப்பலுக்குக் 'கப்பால்', கடைக்குக் 'கெடாய்'. கடைக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்தது. அப்புறம் யோசித்தேன்: முதல் யாருடையதாக இருந்தால் என்ன? கடையை ஆயிரம் வருஷம் மூடாமல் நடத்தியவன் யார் என்பதல்லவா கேள்வி?

எழுத்தும் ஏடும்

சனூர் என்பது தீவின் தென்கிழக்குக் கடற்கரை. அதற்கு அருகே பிளாஞ்சோங் என்ற சிறு கோயிலில், தரைமட்டத்துக்குக் கீழே, ஆள் உயரத் தூண் ஒன்று நிற்கிறது. கி.பி. 914-இல் ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்ற அரசன் தன் வெற்றியைப் பொறித்து நாட்டியது. இரண்டு மொழி, இரண்டு எழுத்து. பாலியின் இன்றைய எழுத்துக்கு மூலமான கவி எழுத்து, நம் பல்லவர் எழுத்தின் வழி வந்தது. கிரந்தம் தெரிந்தவனுக்கு அங்கங்கே ஒரு வளைவு தெரிந்த முகம் மாதிரி இருக்கும். பிள்ளைகள் கடலில் ஆடிக்கொண்டிருக்க, நான் ஒரு மணி நேரம் அந்தத் தூணோடு இருந்தேன்.

வடக்கே சிங்கராஜாவில் 1928-இல் தொடங்கிய கெடோங் கீர்த்தியா என்ற நூலகம் பனையோலைச் சுவடிகளுக்கென்றே இருக்கிறது. பாலியில் ஓலையில் எழுதும் கலை இன்றும் மறையவில்லை. 210 நாளுக்கு ஒருமுறை வரும் சரஸ்வதி நாளில் வீட்டுச் சுவடிகளை எடுத்துத் துடைத்துப் பூவைத்து வணங்குகிறார்கள். எங்களவர் சுருத பஞ்சமியன்று செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதைப் பார்த்தபோது ஒரு பழைய வலி கிளம்பியது. எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஸ்ரீபுராணச் சுவடி ஒரு கட்டு இருந்தது. படிக்கத் தெரிந்தவர் பாட்டனாரோடு முடிந்துபோனார். பிற்காலத்தில் நான் கிரந்தம் கற்றுக்கொண்டு ஊருக்குப் போய்க் கட்டைப் பிரித்தபோது, கறையான் மிச்சம் வைத்தது ஓலைத் தூள்தான்.

தினப்படி வேலை

நாங்கள் உபுது என்ற ஊரில் ஒரு குடும்பத்தார் வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அம்மாள் விடியற்காலையில் தென்னங்குருத்தால் பின்னிய சிறு தட்டுகளில் பூ வைத்து வாசல், கிணற்றடி, மாடம் எங்கும் வைப்பார். 'சானாங்' என்று பெயர். திசைக்கொரு நிறம்: கிழக்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு மஞ்சள், வடக்குக்கு நீலம் அல்லது கருமை. சோறு வடித்ததும் முதலில் இலைத்துண்டில் துளித் துளியாக அடுப்புக்கும் நீருக்கும் வைத்த பிறகே வீட்டார் உண்பார்கள். நம் வீட்டில் காக்கைக்கு வைப்போமே, அதுபோல. பத்து வயசுப் பெண் பள்ளிக்குப் போகுமுன் தட்டு பின்னிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு ஊர் 'பஞ்சார்' என்ற அமைப்பு உண்டு. திருமணமான குடும்பம் ஒவ்வொன்றும் அதில் சேர்ந்தாக வேண்டும். மரத்தால் ஆன முரசு ஒலித்தால் கூட வேண்டும். கோயில் விழா, சாவு, ஊர் வேலை எல்லாம் அதன் பொறுப்பு. காரணமில்லாமல் வராதவருக்கு அபராதமும் உண்டு. நம் சங்கத்தில் பொங்கல் விருந்துக்கு வருகிற கூட்டம் பொதுக்குழுவுக்கு வருவதில்லை என்பதை இங்கே நினைவூட்டினால் யாரும் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

வயல்களுக்கும் இதேபோல 'சுபாக்' என்ற நீர்ச்சங்கம். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது தரிசு என்பதை உழவர்கள் நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் புது நெல் வந்தபோது, இந்த முறைவைப்பை விட்டு விடாமல் பயிரிடச் சொன்னார்கள். புகையான் பூச்சி பெருகி விளைச்சல் பாழாயிற்று. அக்கம்பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கோயில் முறை கண்டிருந்தது என்று ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினி கொண்டு காட்டினார். 2012-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்து ஏரிப் பாசனமும் குடிமராமத்தும் எப்படிப் போயின என்று அறிந்தவர்களுக்கு, ஜதிலுவி படிக்கட்டு வயல்களைப் பார்க்கும்போது பொறாமையே வரும்.

கடற்கரை

பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சனூர் ஏற்றது. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கடல் குளம்போல் இருக்கும். கடலிலிருந்து சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். கூத்தா மேற்குக்கரை: அஸ்தமனம் அழகு, அலையும் நீரோட்டமும் பலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கரையில் பிளாஸ்டிக் குப்பை ஒதுங்கும். வடக்கே லோவினாவில் எரிமலைக் கருமணல்.

கடல் அவர்களுக்கு வெறும் வேடிக்கை இடமன்று. மார்ச் வாக்கில் வரும் சகாப்தப் புத்தாண்டுக்கு முன் கோயில் திருப்பொருள்களை ஊர்வலமாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து தூய்மை செய்வார்கள். புத்தாண்டு நாள் 'ஞெப்பி'. அன்று விளக்கில்லை, வேலையில்லை, பயணமில்லை, கேளிக்கையில்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக்கிடக்கும். விரதமும் மௌனமும் பழகிய எங்கள் சமூகத்துக்கே இது பெரிய பாடம்.

சில எச்சரிக்கைகள்

எல்லாம் எனக்கு உவப்பு என்று சொன்னால் பொய்யாகும். சடங்கின் பெயரில் சேவற்சண்டையும் உயிர்ப்பலியும் அங்கே உண்டு. கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்டவன் மனம் அதை ஏற்காது. அந்த இடங்களை விட்டு விலகி வந்தேன். சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: காய்கறிக் குழம்பிலும் மிளகாய்த் துவையலிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும். "தன்பா தெராசி" (தெராசி வேண்டாம்) என்று சொல்லிப் பழகுங்கள். தோஃபுவும் தெம்பே என்ற சோயா அடையும் தாராளம். பொழுது வருஷம் முழுக்க ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே சாய்வதால், இருட்டுமுன் உண்பவர்களுக்குச் சிரமமில்லை.

மழையில்லாத காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கோயிலுக்குள் இடுப்பில் துணியும் கச்சையும் கட்ட வேண்டும். நம் வேட்டி போதும். பிப்ரவரி 2024 முதல் வெளிநாட்டார் தலைக்கு 1,50,000 ரூப்பியா தீவு வரி கட்ட வேண்டும். முடிந்தவரை ஊரார் வீடுகளில் தங்குங்கள். பெரிய விடுதிகளுக்காக வயல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நாம் போவதே அவர்கள் காத்ததை அழிக்கக் கூடாது.

திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்தப் பொண்ணு அவங்க எழுத்தைப் படிப்பாளா?" பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள் என்றேன். அவன் மராத்தியும் ஆங்கிலமும் எழுதுவான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். குற்றம் அவனுடையதன்று.

இப்போது மாலையில் கடை சாத்துமுன் அரை மணி நேரம், கல்லாப்பெட்டி மேல் சிலேட்டை வைத்து, அவனுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். நேற்று 'ழ' வரை வந்திருக்கிறோம். பாலிக்குப் போனதற்கு எனக்குக் கிடைத்த லாபம் இது. நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள்.