டைலர் நகரத்து ரோஜா

அமெரிக்கக் கால்பந்துக்கும் நாம் அறிந்த கால்பந்துக்கும் பெயரில்தான் உறவு. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே மிகுதி. திடலின் நீளம் 100 கஜம். அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும்; முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இறுதிக் கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் ‘டச் டவுன்’; அதற்கு 6 புள்ளிகள்.

அந்தப் பத்து கஜத்தைத் தம் உடம்பைக் கொடுத்து வாங்கி வருபவரே ‘ரன்னிங் பேக்’ எனப்படும் ஆட்டக்காரர். அணித் தலைவர்போல் நின்று ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர் பேக்’ பந்தை அவர் கையில் திணிப்பார். உடனே எதிரே நிற்கும் மலைபோன்ற மனிதர்கள் அவரை வீழ்த்தப் பாய்வார்கள். இடைவெளி கண்டால் நுழைவார், இல்லாவிட்டால் முட்டுவார். பெரும்பாலும் ஓட்டம் மூன்று நான்கு கஜத்தில் முடிந்து, அவர் மண்ணில் கிடப்பார். எழுந்து வந்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும்.

இப்படி முட்டி மோதியதில் ஈடு இணையற்றவர் என்று பெயர் எடுத்தவர் ஏர்ல் கேம்ப்பெல். டெக்சாஸ் மாநிலத்தில் ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போன டைலர் நகரில் 1955-ஆம் ஆண்டு பிறந்தார். பதினொரு பிள்ளைகள் கொண்ட கருப்பினக் குடும்பம். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். தாயார் வீடுகளில் வேலை செய்தும், பிள்ளைகளோடு ரோஜாத் தோட்டத்தில் உழைத்தும் குடும்பத்தைக் காத்தார். குடியிருந்த வீடோ ஓட்டை விழுந்த பழைய மரவீடு. ‘டைலர் ரோஜா’ என்ற பட்டப்பெயரை இரசிகர்கள் அன்பாகச் சூட்டினர். முள்ளை அறிந்தது அந்தக் குடும்பந்தான்.

1973-இல் அவருடைய பள்ளி அணி மாநில வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றாம் ஆண்டில் தொடைத் தசைக் காயம் அவரை முடக்கியது. ஆனால் 1977-இல், இறுதியாண்டு மாணவராக, 1,744 கஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பெற்றார். கல்லூரி ஆட்டக்காரருக்கு அங்கு கிடைக்கும் தலையாய விருதான ‘ஹைஸ்மன்’ கோப்பையும் அவர் கைக்கு வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் இத்தகைய மாணவருக்கு முறைப்படி கிடைத்தது கல்விக் கட்டணமும் உணவும் உறைவிடமும் போன்றவையே; நுழைவுச்சீட்டுப் பணத்தில் பங்கில்லை. தம் பெயரைக் கொண்டு வருவாய் தேடிக்கொள்ளக் கல்லூரி ஆட்டக்காரருக்கு 2021-இல்தான் வழி திறந்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பது 2025-இல் வந்த ஏற்பாடு. கேம்ப்பெல்லுக்கு இதனால் என்ன பயன்?

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். 1978-இல் முதல் தேர்வுரிமையை வேறோர் அணியிடமிருந்து பெற்று, ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணி கேம்ப்பெல்லை எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் அவர் தாயாருக்குப் புதுவீடு கட்டிக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் இரவு, மியாமி அணியுடன் நடந்த ஆட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நான்கு ‘டச் டவுன்’, 199 கஜம். கடைசி ஓட்டம் மட்டும் 81 கஜம்! ஹூஸ்டன் 35-30 என வென்றது.

1978, 1979, 1980 ஆகிய மூன்றாண்டும் ஓட்டத்தில் அவரே முதல்வர். 1980-இல் 1,934 கஜம். இரசிகர்கள் இந்த எண்ணைத்தான் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறோர் எண்: அந்த ஓராண்டில் அவர் பந்தைச் சுமந்தது 373 முறை, ஆடியவை 15 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 25 மோதல்கள். ஒதுங்கி ஓடுவதைவிட இடித்துச் செல்வதே அவர் பாணி. ஆகவே அடித்தவருக்கும் வலி, அடிபட்டவருக்கும் வலி.

உடம்பு எத்தனை நாள் தாங்கும்? 1984-இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 1986-இல், 31-ஆம் வயதில், ஓய்வு பெற்றார். எட்டு ஆண்டுகளில் 2,187 முறை பந்தைச் சுமந்து அவர் சேர்த்தது 9,407 கஜம். கிலோமீட்டரில் சொன்னால் எட்டரைதான். சாதாரண மனிதர் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடுவார். அந்த எட்டரைக்காக 1991-இல் அவர் பெயர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது. பின்னாளில் முதுகுத்தண்டின் நரம்புவழி குறுகி, முழங்கால்களும் கெட்டு, ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் அவர் நாட வேண்டியதாயிற்று. வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2009-இல் சிகிச்சை பெற்று மீண்டார்.

இப்போதெல்லாம் பல அணிகள் இந்தச் சுமையை ஒருவர் தலையில் ஏற்றாமல் இரண்டு மூன்று ஓட்டக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஆண்டுக்கு 370 முறைக்கு மேல் பந்தைச் சுமப்பவர் அரிதாகிவிட்டார்.