பிக்கப்புக்குப் புது சைலன்சர்: எந்த இடத்துக்கு எந்த உலோகம்?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாமல் இருக்கலாம். ஆனால் டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் நீராவிதானே வரும்? காலையில் வண்டியை எடுத்ததும் பின்குழாயில் சொட்டுச் சொட்டாக விழுவது அதுதான். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுக்கச் சூடேறி, அந்த நீர் ஆவியாகவே போய்விடும். பத்து நிமிடம் ஓடி நிற்கும் வண்டியில் அது உள்ளேயே படிந்து, புகையில் உள்ள அமிலத்தையும் கரைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அழுகுகிறது. வெளியே ஓட்டை தெரியும் நாளில் உள்ளே தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

அண்ணனூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் பக்கம் நம்மவர்கள் பிக்கப் ஓட்டுவது இந்த இரண்டாவது விதம். திருநின்றவூருக்கு அப்பாலிருந்து கீரை ஏற்றி வந்து, ஆவடியில் இரண்டு கடை, அம்பத்தூரில் மூன்று குடியிருப்பு என்று நின்று நின்று இறக்குகிறோம். திரும்பும்போது சும்மா வருவதில்லை. சாணி மூட்டை, கோமிய டிரம், பஞ்சகவ்யா கேன். கோமியத்தில் உப்பும் உண்டு, அம்மோனியாவும் உண்டு. பலகை இடுக்கில் சொட்டுவது நேராகச் சைலன்சர் மேல்தான் விழுகிறது. உள்ளே அமிலத் தண்ணீர், வெளியே உப்பு. மற்றவன் வண்டியில் ஏழெட்டு வருடம் வருவது நமக்கு நாலு வருடத்தில் போனால் ஆச்சரியமில்லை.

ஓட்டை விழுந்ததும் பட்டறையில் முதலில் வரும் பேச்சு இதுதான்: "ஜிஐ பைப் போட்டுக்கலாம்ணா, துருவே பிடிக்காது." தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. ஜிஐ என்பது இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். சுமை ஏற்றி மேடேறும்போது எஞ்சினை ஒட்டிய குழாயின் சூடு அதைத் தாண்டிப் போகும். பின்பக்கம் அவ்வளவு சூடு இல்லை, ஆனால் அமிலத் தண்ணீரில் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும். இன்னொன்று, ஜிஐயை வெல்டிங் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவு வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும். நாம் மிச்சம் பிடிக்கும் காசுக்கு அவர் ஏன் காய வேண்டும்?

ஆகவே எந்தக் குழாய் என்று கேட்பதற்கு முன், எங்கே ஓட்டை என்று படுத்துப் பாருங்கள். முன்பகுதியை அழிப்பது சூடும் அதிர்வும். அங்கே துரு குறைவு, விரிசல்தான் அதிகம். பின்பகுதியை, அதாவது சைலன்சர் டப்பாவையும் வால்குழாயையும், அழிப்பது தண்ணீர். ஒரே உலோகத்தை முழு நீளத்துக்கும் போட வேண்டிய அவசியமில்லை. கெட்ட துண்டை மட்டும் மாற்றினாலும் போதும்.

சாதா இரும்பு, பட்டறையில் எம்எஸ் என்பார்கள், மோசம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வருடத்தில் விற்கப்போகும் பழைய வண்டிக்கு 16 கேஜ் எம்எஸ் போதும். 18 கேஜ் வேண்டாம், மெல்லிசு. அதற்கு மேல் வைத்துக்கொள்ளும் வண்டிக்கு அலுமினியம் பூசிய எஃகு நல்லது. கம்பெனி சைலன்சர்கள் பலவும் இதில்தான் வரும், அல்லது 409 ரகத்தில். அலுமினியப் பூச்சு 600 டிகிரியையும் தாங்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். சூடு தாங்கும் அலுமினிய பெயின்ட்டை அந்த மூட்டில் அடித்துவிட வேண்டும்.

409 என்பது சுமார் 11 சதவீதம் குரோமியம் உள்ள எவர்சில்வர் ரகம். காந்தம் ஒட்டும். அதனால் "இது போலிங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. போலி இல்லை, அதன் இயல்பே அப்படி. மேலே செம்பழுப்பாகப் படியும், பயப்பட வேண்டாம், உள்ளே அரிக்காது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். துருவுக்கு நன்றாகத் தாங்கும், காந்தம் ஒட்டாது, விலை எம்எஸ்ஸைவிட நன்றாகக் கூடும். கைப்பிடி, கேட் செய்யும் கடைகளில் எஸ்எஸ் என்று கேட்டால் பல நேரம் 202தான் கிடைக்கும். அதற்கும் காந்தம் ஒட்டாது, பளபளப்பும் அப்படியே. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. காந்தத்தை வைத்து 304ஐயும் 202ஐயும் பிரிக்கவே முடியாது. உலோகக் கடைகளில் சொட்டு விட்டுப் பார்க்கும் திரவம் இருக்கும், அதைக் கேளுங்கள். 304 விலையைக் கொடுத்துவிட்டு 202 வாங்கி வராதீர்கள்.

என் கணக்கு இது: சைலன்சர் டப்பா கம்பெனி ஸ்பேரோ அதற்குச் சமமான அலுமினியப் பூச்சு உள்ளதோ. கோமியம் சொட்டும் வால்குழாய்க்கு மட்டும் 304. முழு நீளமும் 304 போடுவது வீண் செலவு, அதில் ஒரு தொல்லையும் உண்டு. 304 சூட்டில் அதிகமாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் எம்எஸ் 7 மில்லிமீட்டர் நீளும், 304 சுமார் 10 மில்லிமீட்டர். இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் குழாயை ரப்பர் வளையத்தில் தொங்கவிடுகிறார்கள், எஞ்சின் பக்கம் மடிப்பு மடிப்பான ஃபிளெக்ஸிபிள் துண்டு வைக்கிறார்கள். ரப்பர் அறுந்தால் பத்து நிமிடத்தில் கம்பியை வளைத்து சேசிஸோடு பற்றவைத்துத் தருவார்கள். ஆடாமல் கெட்டியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து மேனிஃபோல்டு பக்கம் விரிசல் விடும். அந்தச் செலவு ரப்பர் விலையைப்போல எத்தனையோ மடங்கு. ரப்பரையும் கேஸ்கட்டையும் மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய சைலன்சர் வாங்குகிறவர்கள், தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து வாங்கலாம். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது.

குழாயின் விட்டம் பழையது எவ்வளவோ அவ்வளவே. சின்னதாகப் போட்டால் புகை அடைத்து இழுவை குறையும், டீசல் கூடும். எவர்சில்வரையும் எம்எஸ்ஸையும் சேர்க்கும் மூட்டுக்கு 309 ராடு கேளுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டி போகலாம்.

டப்பாவின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது ஓட்டை இல்லை, தண்ணீர் வடிய கம்பெனியே விட்டது. சாணி அப்பி அடைத்தால் கம்பியால் குத்திவிடுங்கள். சில வெல்டர்கள் "இதையும் அடைச்சிட்டேண்ணா" என்று பெருமையாகச் சொல்வார்கள். புதுச் சைலன்சர் சீக்கிரம் போவதற்கு அது ஒன்றே போதும். வாரம் ஒருநாளாவது நிறுத்தாமல் அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளே காய்ந்துவிடும். நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிடுவது பயனில்லை, பின்பகுதி சூடாகாது.

இனி பெரிய விஷயம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கும். பிஎஸ்-4 வண்டிகளிலும் கன்வர்ட்டர் உண்டு. "அதைக் கழட்டிட்டு நேரா பைப் விட்டுடலாம், மைலேஜ் வரும்" என்பார்கள். கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம் இருக்கிறது. காயலான் கடையில் அதற்குத் தனி விலை. மைலேஜ் யாருக்கு வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கழற்றி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், 190ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும் மாட்டும். அடைத்திருந்தால் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள், அதன் மதிப்பு உங்களுடையது.

டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் சேர்த்தது. கேபினுக்கு அடியில் மூட்டு கசிந்தால் அது நேராக ஓட்டுநர் மூக்குக்குப் போகும். வால்குழாயைப் பலகைக்கு அடியிலேயே குட்டையாக முடித்துவிட்டால் பின்கதவு இடுக்கு வழியாக மேலே ஏறி, மருந்தடிக்காமல் வளர்த்த முளைக்கீரைக் கட்டில் கரியாகப் படியும். வெள்ளைத் துணியை ஈரமாக்கிப் பின்கதவின் உள்பக்கம் கட்டி ஒரு நடை போய்வந்து பாருங்கள், தெரிந்துவிடும். குழாய் பலகையைத் தாண்டி வெளியே, பக்கவாட்டில் அல்லது பின்னால், சற்றுக் கீழ்நோக்கி முடிய வேண்டும். வைக்கோல் ஏற்றும்போது நுனி தொங்கிக் குழாயில் படாமல் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். பிஎஸ்-6 வண்டியில் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது உள்ளே சூடு 600 டிகிரிவரை போகும். அதற்கான விளக்கு எரியும் நேரத்தில் காய்ந்த சருகின் மேலோ களத்து வைக்கோல் மேலோ வண்டியை நிறுத்தாதீர்கள்.