அயல் வயலைக் கண்டு பயிலுதல்

புதிய விதையைப் பற்றி எத்துணை விரிவாக எடுத்துரைத்தாலும் விவசாயி உடனே அதனைக் கைக்கொள்வதில்லை. தம்மைப் போன்ற மண்ணும், கிணறும், கைமுதலும் உடைய அயலார் ஒருவர் அதனைப் பயிரிட்டுக் களத்தில் மகசூலை அளந்த பின்னரே துணிகின்றார். இதனைப் பிடிவாதமென்று கருதலாகாது. நஷ்டத்திற்கு அஞ்சும் குடும்பஸ்தருக்கு இதுவே விவேகமாகும்.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் 1928-ஆம் ஆண்டு முதல் பரவிற்று. அங்கு 259 விவசாயிகளை விசாரித்து ரயன், கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1943-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். விதையைப் பற்றிப் பலரும் முதலில் கேள்வியுற்றது விற்பனையாளரிடம். விதைக்கத் துணிந்ததோ அயலாரின் அனுபவத்தைக் கண்டு. மனோதத்துவ நிபுணர் ஆல்பர்ட் பாண்டுரா 1965-ல் வெளியிட்ட சோதனையொன்றில், தீய செயல் புரிந்தவர் தண்டனை பெறக் கண்ட சிறுவர்கள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். ஆகவே மனிதர் பிறர் செயலை மட்டுமன்றி, அதனால் விளையும் பயனையும் கவனித்தே நடக்கின்றனர் என்பது தெளிவு.

இவ்வுண்மை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் பருத்தி விவசாயிகளுக்கு மிகவும் பொருந்தும். கரிசலில் மானாவாரியாகக் கருங்கண்ணி விளைந்த சென்னை மாகாணத்தில், 1904-05-ல் கம்போடியாப் பருத்தி புகுந்து இறவைத் தோட்டங்களில் விரைவாகப் பரவிற்று. பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எஸ்.வி.பி.ஆர். இரகங்கள் வெளிவந்தன.

நல்லதைக் கண்டு பயில்வது போலவே, அசட்டையையும் கண்டு பயிலுகிறோம். பருவம் முடிந்த பின் நிலத்தில் விடப்படும் பருத்திமார்களின் எஞ்சிய காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி, அடுத்த பயிரைத் தாக்குகிறது. பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கும் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் 1919-ல் சட்டம் இயற்றப்பட்டது. குறித்த நாளுக்குள் பருத்திச் செடிகளைப் பிடுங்க வேண்டுமென்ற உத்தரவுகள் அச்சட்டத்தின் கீழ் பிறந்தன. பி.டி. பருத்தியையும் எதிர்க்கும் வல்லமையை இப்புழு குஜராத்தில் பெற்றுவிட்டதென 2010-ல் அறிவிக்கப்பட்டமையால், மார்களை அகற்றுவதன் அவசியம் இன்று குறைந்திலது.

ஒருவர் தம் மார்களைப் பிடுங்கி அழித்தும், அடுத்த வயலில் மார்கள் நின்றால் அங்கிருந்து அந்துப்பூச்சி பறந்து வருகிறது. உழைத்தவரும் நஷ்டமடைகிறார், கட்டுப்பாட்டால் பயனில்லையென்று ஊராரும் முடிவு செய்கின்றனர். மறு வருஷம் மார்களைப் பிடுங்குவார் எவருமிரார்.

ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. செய்து காட்டும் வயல் செல்வந்தருடைய தோட்டமாக இல்லாமல், நடுத்தர விவசாயியின் நிலமாகப் பலரும் நடமாடும் பாதையோரம் அமைய வேண்டும்.

2. பழைய முறையும் புதிய முறையும் அருகருகே, ஒரே நாளில், ஒரே அளவு எருவிட்டு நடத்தப்பட வேண்டும்.

3. செலவும் வரவும் அனைவரும் அறியக் கூறப்பட வேண்டும். மகசூல் குறைந்தால் அதனையும் மறைத்தலாகாது.

4. மார்களைப் பிடுங்கும் வேலையைப் பெரிய நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தங்கள் நிலங்களில் முதலில் முடிக்க வேண்டும்.

இவற்றுள் நான்காவதே தலையாயது. அறிவிப்பை ஊரார் ஒரு நாள் கேட்பர். அதிகாரியின் வயலையோ நாள்தோறும் காண்பர்.