முதலில் பிரேக், பிறகு வளைவு

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது கார் பந்தயத் தளம். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. இப்படிப்பட்ட தளங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி தரும்போது வேகத்துக்கு முன்பே வந்துவிடுகிறது, உட்காரும் விதம்! முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும்.

அடுத்தது பிரேக். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக ஓடும்போதே அழுத்திவிட வேண்டும். பிரேக் பிடித்தால் பாரம் முன்சக்கரங்களுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் பின்சக்கரங்கள் பிடி விட்டு வண்டி சுழலக்கூடும்.

பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆகும் தூரம், 100-ல் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு! இதைக் காதால் கேட்பது வேறு. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வண்டி ஓடிக்கொண்டே இருப்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பது வேறு. லைசென்ஸ் வாங்கும் எல்லோருக்கும் ஒருமுறையாவது இது வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தளத்தில் ஓட்டுநர்களுக்குச் சைகை காட்டக் கொடிகளும் உண்டு. மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம், உங்களைவிட வேகமான வண்டி பின்னால் நெருங்குகிறது.