கைவிடப்பட்ட காப்பகங்கள்: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

கடலாற் சூழப்பட்ட நிலத்தைத் தீவு என்கிறோம். அந்நிலத்தில் வாழ்வார்க்குக் கடல் ஒரு தடையன்று. எழுவைதீவு மக்களுக்கு ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வழியும் கடலே. உணவு தரும் வயலும் கடலே. ஆயின், நாடாண்டோர் பலர் கடலை வேறொரு கண்கொண்டு நோக்கினர். அவர்க்கு அது செலவின்றிக் கிடைத்ததொரு மதிலாகத் தோன்றியது. குற்றவாளியையும் தொற்றுநோயாளியையும் சித்தங்கலங்கியவனையும் ஊரினின்று பிரித்து வைத்தற்குத் தீவினும் வாய்ப்பான இடம் இல்லையென அவர்கள் கருதினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர்நடுவில் நிற்கும் கடற்கோட்டை சிறையாகப் பயன்பட்டது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு தொழுநோயாளரின் உறைவிடமாயிற்று. இவையிரண்டும் இக்கருத்துக்கு நம் நாட்டிலேயே உள்ள சான்றுகளாம்.

எழுவைதீவில் மனநோய் வைத்தியசாலை எதுவும் எழுந்ததில்லை. எனினும், அத்தீவின் கரையில் நின்று மனநோய்க் காப்பகங்களின் வரலாற்றை நோக்குதல் பெரிதும் பயனுடையது. ஏனெனில், அவ்வரலாற்றின் உயிர்நிலையான வினா தூரம் பற்றியதே. நோயாளி தன் ஊரினின்று எத்துணைத் தொலைவிற்கு அகற்றப்பட்டான்? அவன் மீண்டுவரும் வழி எவ்வாறு அடைபட்டது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பகத்துக்கு முன்னர்

மேல்நாட்டு முறையிலமைந்த காப்பகங்கள் தோன்றுமுன் நம்மவர் இந்நோயை அறியாதிருந்தாரல்லர். சித்த வைத்திய நூல்கள் இதனைக் கிரிகை நோய் எனப் பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரித்துக் கூறுகின்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இதற்கு ‘விசர்’ என்று பெயர். பரியாரியார் தலைக்கு எண்ணெய் வைத்தலும், கோயிலில் நேர்த்தி வைத்தலும், பார்வை பார்த்தலும் அக்காலச் சிகிச்சைகள். இவற்றுள் நன்மை பயத்தன சில; பயவாதன பல. சீற்றங் கொண்ட நோயாளியை வீட்டுத் தூணிலே சங்கிலியாற் பிணித்து வைத்தலும் உண்டு. ஆதலின், பழங்காலம் முழுவதையும் பொற்காலமெனப் புகழ்தல் பொருந்தாது. ஒன்றை மட்டும் கூறலாம்: பிணியுற்றவன் எந்நிலையிலும் தன் பெயர் தெரிந்த மாந்தரிடையே இருந்தான். தாய் சோறூட்டினாள், அயலவர் வந்து விசாரித்தனர். காப்பகம் வந்தபோது சங்கிலி எங்கும் அறுந்துவிடவில்லை. ஆனால், இவ்வுறவு அறுந்தது.

எந்தளையிலிருந்து அங்கொடை வரை

இலங்கையிற் பிரித்தானிய ஆட்சியின் தொடக்க காலத்தில் மனநோயாளருக்கெனத் தனி வைத்தியசாலை இருந்ததில்லை. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் எந்தளையில் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலையிலேயே அவர்களிற் சிலரும் வைக்கப்பட்டனர். உடலிற் புண்பட்டவரும் உள்ளத்திற் புண்பட்டவரும் ஒரே வேலிக்குள் அடைக்கப்பட்டமை அக்கால அரசின் மனப்பான்மையை நன்கு காட்டும். இரு சாராரையும் இணைத்தது நோயன்று. ஊரார் அவர்மீது கொண்ட அச்சமே.

1839ஆம் ஆண்டில் முதலாவது கட்டளைச்சட்டம் பிறந்தது. 1847இல் பொறளையில் மனநோயாளருக்கெனத் தனிக் காப்பகம் திறக்கப்பட்டது. பின்னர் 1873இல் விரிவான சட்டமொன்று இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி ஒருவனைக் காப்பகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்தினிடம் இருந்தது. வைத்தியனுடைய அறையிலே தொடங்க வேண்டிய காரியம் வழக்கு மன்றத்திலே தொடங்கிற்று. நோயாளி நோயாளியாக அன்றி, ஏறக்குறைய எதிரியைப் போலவே நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டான்.

பொறளைக் காப்பகம் விரைவில் நிரம்பி வழிந்தது. எனவே, 1880களில் கொழும்பு கறுவாக்காட்டுப் பகுதியில், யாவத்தை என்னுமிடத்திற் பெரியதொரு காப்பகம் எழுப்பப்பட்டது. வளைவுகளும் நீண்ட விறாந்தைகளும் அமைந்த எழில்மிகு கட்டடம் அது. அதுவும் நாளடைவில் இடம் போதாமையால் இடருற்றது. 1920களின் பிற்பகுதியில் நோயாளர் நகரின் புறத்தேயுள்ள அங்கொடைக்கு மாற்றப்பட்டனர். யாவத்தைக் கட்டடம் பின்னர்க் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அலுவலகமாக விளங்கிற்று. 2014ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டு, சுதந்திரச் சதுக்கத்து அங்காடியாகத் திறந்து வைக்கப்பட்டது. ஒருகாலத்தில் மாந்தர் அடைபட்டுக் கிடந்த கூடங்களிலே இன்று உணவுச்சாலைகளும் உடைக்கடைகளும் விளங்குகின்றன. அங்கே உலாவச் செல்வோருட் பலர் அதன் முற்பிறப்பை அறியார்.

தீவகத்திலிருந்து ஒரு பயணம்

இனி, இவ்வரலாற்றைத் தலைநகரிலிருந்து நோக்காது தீவகத்திலிருந்து நோக்குவோம். யாழ்ப்பாணத்துப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலேயே முற்றுப்பெற்றது. அதற்கு முன் வடபுலத்து நோயாளி கொழும்பை அடைதல் கடலாலும் காட்டாலும் அரிதாயிருந்தது. புகையிரதம் வந்தபின்னரும் எழுவைதீவினனான ஒருவன் முதலில் வள்ளமேறி ஊர்காவற்றுறை சேரவேண்டும், அங்கிருந்து யாழ்ப்பாணம், அதன்பின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கு நோக்கிய பயணம். போய்ச் சேர்ந்த இடத்திற் கேட்கும் மொழி பெரும்பாலும் சிங்களம். எழுதும் மொழி ஆங்கிலம். மனநோய்க்கு வைத்தியம் செய்தற்கு நோயாளியின் சொல்லே முதற் கருவியாகும். நாடி பார்த்துக் காய்ச்சலை அறியலாம். நாடி பார்த்து மனத்துயரை அறிதல் இயலாது. தமிழன்றி வேறு மொழியறியாத ஒருவனின் நோயை, அவன் மொழியறியாத ஒருவர் அறிந்தது எவ்வாறு என்னும் வினா எழாமற் போகாது.

வீட்டாரின் நிலையும் எண்ணத்தக்கது. மீன்பிடித்தும் பனைவளத்தைக் கொண்டும் வாழ்ந்த குடும்பமொன்று கொழும்புக்கு ஒருமுறை சென்றுவரும் செலவைத் தாங்குதல் எளிதன்று. நோயாளியைப் பார்க்கச் செல்வது அரிதாகும், பின்னர் நின்றுபோகும். நோய் தணிந்தாலும் அழைத்துச் செல்ல ஆளில்லாதவனை வைத்தியசாலை எங்ஙனம் வெளியே விடும்? இவ்வாறு குணமடைந்தவரும் அங்கேயே தங்கினர். ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்’ என்னும் ஏளனச் சொல் இன்றும் நம் நாட்டில் வழங்குகின்றது. ஊரின் பெயரொன்று வசையாக மாறியதற்குக் காரணம், அங்கே சென்றவருட் பலர் திரும்பாமையே எனலாம்.

நெரிசலின் காரணம்

காப்பகங்கள் எங்கும் நிரம்பி வழிந்தமைக்குக் காரணம் மனநோய் பெருகியமை மட்டுமன்று. வாசல் ஒருபுறமே திறந்திருந்தது என்பதே தலையாய காரணம். வறியவர், வீடற்றுத் திரிந்தோர், வலிப்பு நோயாளர், முதுமையால் நினைவிழந்தோர், மேகநோய் மூளையைத் தாக்கியதாற் புத்தி பேதலித்தோர் ஆகிய எல்லாரும் அவ்வாசலால் உள்ளே சென்றனர். வெளியேறினோர் தொகை குறைவாயிருந்தது. நெரிசல் மிகவே, வைத்தியம் குன்றிக் காவல் ஓங்கிற்று.

1937ஆம் ஆண்டில் இலண்டன் மோட்சிலி வைத்தியசாலையின் தலைவரான எட்வேட் மப்போதர் என்பார் இலங்கை அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். அங்கொடையின் நெரிசலை அவர் கடிந்துரைத்தார். பெருங்காப்பகமொன்றிலேயே யாவரையும் குவித்தல் தவறு. பொது வைத்தியசாலைகளில் மனநோய்ப் பிரிவுகளும் வெளிநோயாளர் நிலையங்களும் வேண்டும் என்பது அவர் கருத்து. 1939இல் கொழும்புப் பெரியாசுபத்திரியில் வெளிநோயாளர் நிலையம் தொடங்கிற்று. மறு ஆண்டில், 1940இல், சட்டமும் திருத்தப்பட்டு, நோயாளி தானே விரும்பிச் சேரும் வழியும் ஏற்பட்டது. நீதிமன்றத்தின் வழியன்றி வேறொரு வழி திறந்தமை சிறியதோர் மாற்றமன்று.

சங்கிலியும் மருந்தும்

பாரிசு நகரத்துப் பிசேத்திர் வைத்தியசாலையில் பினெல் என்னும் வைத்தியர் நோயாளரின் சங்கிலிகளைக் களைந்தார் என்பது உலகறிந்த கதை. உண்மையில், 1797இல் அங்கே அச்செயலைச் செய்தவர் அவ்வைத்தியசாலையின் மேற்பார்வையாளரான பூசான் என்பவரே. அவர் கற்றறிந்த வைத்தியரல்லர்; தாமே முன்னர் அங்கு நோயாளியாயிருந்து குணமடைந்தவர். நோயாளியின் நிலையை உள்ளிருந்து அறிந்த ஒருவரே முதலிற் சங்கிலியைக் களைந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

மருந்துகளின் வரவு அடுத்த திருப்பம். நம் நாட்டார் நெடுங்காலம் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேர் மனக்கிளர்ச்சியைத் தணிக்கும் என்பதை 1931ஆம் ஆண்டில் சென், போசு என்னும் இந்திய வைத்தியர் இருவர் எழுதி வெளியிட்டனர். அவ்வேரிலுள்ள றிசர்ப்பின் என்னும் சத்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டிற் பாரிசில் குளோர்புரோமசீன் மனநோயாளருக்குப் பயன்படுத்தப்பட்டது. றிசர்ப்பின் மனச்சோர்வை விளைக்கக் கூடும் என அறிந்தபின் அதன் பயன் இத்துறையிற் குறைந்தது. குளோர்புரோமசீனும் அதன் வழிவந்தனவும் நிலைத்தன. இம்மருந்துகள் நோயை வேரோடு களைந்தன அல்ல. ஆனால், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுதலைப் பலர்க்கு அவை கைகூடச் செய்தன. மதிலின் தேவை குறைந்தது அன்றுதான்.

வெனிசு நகரத்துத் தீவுகள்

மதில் அகன்றபின் என்ன நிகழ்ந்தது என்பதற்கு இத்தாலிய நாட்டு வெனிசு நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நகரைச் சூழ்ந்த காயலிலுள்ள சான் சேர்வோலோ என்னும் தீவு, 1725 முதல் மனநோயாளர் தீவாக விளங்கிற்று. பசாலியா என்னும் வைத்தியர் திரியெசுத்தே நகரில் நடத்திய சீர்திருத்தத்தின் பயனாக 1978ஆம் ஆண்டில் இத்தாலியில் புதிய சட்டம் பிறந்தது. பழைய காப்பகங்களை மூடும் வேலை தொடங்கிற்று. சான் சேர்வோலோ அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. இன்று அங்கே கல்விக்கூடமும் அரும்பொருட்சாலையும் உள்ளன. நோயாளரைப் பிணித்த சங்கிலிகளும் விலங்குகளும், அவர்தம் ஒளிப்படங்களும் அவ்வரும்பொருட்சாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அதே காயலிலுள்ள பொவேலியா என்னும் தீவு 1968 முதல் பாழடைந்து கிடக்கின்றது. அதனை உலகறியச் செய்தவை பேய்க்கதைகளே. உண்மையில் அது முதியோரைப் பராமரித்த இடம். அதற்கு முன்னர் நோய்த்தடுப்புக் கப்பல் நிலையம். இரு தீவுகளையும் ஒப்பிடுக. ஒன்றிற் கடந்தகாலம் ஆராயப்பட்டது. மற்றொன்றிற் கடந்தகாலம் வேடிக்கையாக்கப்பட்டது.

பாழடைந்த காப்பகங்களைக் காணச் செல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும். பேய் எங்கே எனத் தேடுதல் பயனற்றது. ஆண்பகுதியும் பெண்பகுதியும் எவ்வாறு பிரிக்கப்பட்டன, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, கதவின் தாழ் உட்புறத்திலா வெளிப்புறத்திலா, பார்க்க வருவோர் இருப்பதற்கு இடம் விடப்பட்டதா என்பனவே நோக்கத்தக்கன. தாழ் இருக்கும் பக்கமே அக்கட்டடம் வைத்தியசாலையா சிறையா என்பதைச் சொல்லிவிடும். சிதறிக் கிடக்கும் ஏடுகளில் ஒருவர் பெயரைக் கண்டால் அதனை ஊரறியப் பரப்புதல் தகாது. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்ந்துகொண்டிருத்தல் கூடும்.

மதில் அகன்ற பின்

காப்பகத்தைக் கைவிடுதல் வேறு. நோயாளியைக் கைவிடுதல் வேறு. முன்னது நிகழும்போது பின்னதும் உடன் நிகழ்தல் உண்டு. தமிழகத்தின் தலைநகரில் 1794ஆம் ஆண்டிலேயே வலன்ரைன் கொனொலி என்பார் காப்பகமொன்றை ஏற்படுத்தினார். கீழ்ப்பாக்கத்து அரசினர் வைத்தியசாலை 1871இல் திறக்கப்பட்டது. இத்துணைப் பழைய மரபுடைய அந்நாட்டிலேயே, நம் தீவகத்துக்குக் கடலுக்கு அப்பாலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், கீற்றுக் கொட்டகையிலமைந்த தனியார் விடுதியொன்றிற் பற்றிய தீயில் 28 நோயாளர் மாண்டனர். அவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. பாரிசிற் பூசான் சங்கிலியைக் களைந்து இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் நோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை வெளிப்படையாகவே தடை செய்தது.

இலங்கையில் 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்கள்தோறும் கொண்டு செல்லுதலை நோக்கமாகக் கொண்டது. அங்கொடை 2008இல் தேசிய மனநல நிறுவனமெனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1978இல் தோன்றிய மருத்துவ பீடமும், தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநோய்ப் பிரிவும் போர்க்காலத் துன்பங்களின் நடுவே அரும்பணியாற்றின. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூல், போரினால் மக்கள் மனம் அடைந்த வடுக்களை ஆராய்ந்தது. வடபுலத்துத் தமிழ் நோயாளி தன் மொழியிலே தன் துயரைச் சொல்லி வைத்தியம் பெறும் நிலை இவற்றால் உண்டாயிற்று. இதன் அருமையை, முன்னர்க் கூறிய பயணத்தை நினைத்துப் பார்ப்போர் நன்குணர்வர்.

எனினும், தீவக மக்களுக்குத் தூரம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. மனநோய்க்கான மருந்து தவறாது உட்கொள்ளப்படல் வேண்டும். கடல் கொந்தளித்துப் படகுச் சேவை தடைப்படும் நாட்களில், மருந்தெடுக்கச் செல்லவேண்டியவர் கரையிலேயே நிற்க நேரிடும். ஒரு தவணை தவறினால் அடங்கிய நோய் மீண்டும் தலையெடுக்கலாம். பெரிய கட்டடங்கள் எழுப்புதலால் இக்குறை தீராது. குறித்த நாளில் மருந்துடன் தீவுக்கு வரும் வைத்தியரும், நோயின் முதற் குறிகளை அறியப் பயின்ற ஆசிரியரும் தாதியருமே இதற்குப் பரிகாரமாவர்.

ஊராரின் நாவும் திருந்துதல் வேண்டும். ‘விசரன்’ என ஒருவனைச் சுட்டி ஒதுக்கும்போது நாம் செங்கல்லின்றியே மதிலொன்றை எழுப்பி விடுகிறோம். எந்தளையும் யாவத்தையும் பழைய அங்கொடையும் அரசின் ஆணையால் மட்டும் எழுந்தனவல்ல. நோயாளி தம் கண்ணிற் படலாகாது என்னும் ஊராரின் விருப்பமும் அவற்றை எழுப்பிற்று. அவ்விருப்பம் மாறாதவரை ஒரு காப்பகத்தை மூடினாலும் மற்றொன்று வேறு பெயருடன் தோன்றும். கற்றவர் நிறைந்த நம் சமூகம் அதனை மாற்றும் கடமையைத் தன் வீட்டிலும் வகுப்பறையிலும் தொடங்குமாக.