நைட்டிக்குள் ஒளிந்திருந்த சுடிதார்

உள்ளே விட்டுவிட்டார்கள்! சனிக்கிழமை சாயங்காலம், மணி ஐந்து. சோழிங்கநல்லூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. நாலு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு ஜோடி, இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு ஆறரை மணிக் காட்சிக்குக் கிளம்பப் போகிறது. ஒப்பனை, சதி, தப்பியோட்டம் அத்தனையையும் கூடவே இருந்து பார்க்க எனக்கு அனுமதி! ஒரே ஒரு நிபந்தனை, 'சினிமா' என்ற சொல் வாயில் வரக்கூடாது. வாருங்கள், செருப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். கீழே பார்த்து நடங்கள். அந்தப் பாய்க்கு அடியில் ஒரு டைனோசர் இருக்கிறது, அதன் வால் குத்தும்.

கூடத்தில் சோபா என்று ஒன்று இருக்கிறதாம். மேலே குவிந்திருக்கும் மடிக்காத துணியை வைத்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சுவரில் மூன்றடி உயரம் வரை கிரேயான் ஓவியம், அதற்கு மேல் சுவர் புத்தம்புதிதாக மின்னுகிறது. பால்கனியில் அப்பா சாயம் போன அரைக்கால் சட்டையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எங்கேயும் போகாதவர் மாதிரி ஒரு முகம். பார்த்தவுடனே தெரிகிறது, நடிப்பு. நல்ல சட்டை மத்தியானமே காருக்குள் ஹேங்கரில் போய்த் தொங்குகிறது என்று என் காதில் கிசுகிசுத்தார். கூடவே ஒரு சங்கதி: "இன்னைக்கு ஆடிட்டிங் இருக்கு." ஆடிட்டிங் என்றால் படம். முன்பெல்லாம் ஆங்கில எழுத்தாகச் சொல்லித் தப்பித்தார்களாம். பெரியவன் எல்.கே.ஜி. போனதும் அந்த வழி அடைபட்டுவிட்டது.

படுக்கையறைக் கதவை அம்மா ஒரு சாண் திறந்து என்னை இழுத்துக்கொள்கிறார். பூப்போட்ட நைட்டி, கலைந்த கொண்டை. "ரெடியாகலையா?" என்று கேட்டேன். கண்ணைச் சிமிட்டி, நைட்டியின் கழுத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் சுடிதார், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை! "ஜிமிக்கியப் பாத்துடுச்சுன்னா சின்னது கால விடாது. அதான் எல்லாமே உள்ளுக்குள்ள." ஜிமிக்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில், டப்பா கைப்பையில், கைப்பை அழுக்குத்துணிக் கூடையில். மின்விசிறி சுற்றியும் அவர் நெற்றி வேர்த்துக் கொட்டுகிறது. இரண்டு உடுப்புக்குள் சென்னைப் புழுக்கத்தில் நின்று பாருங்கள், தெரியும்.

இவர் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசு ஊழியப் பெண்களுக்கு ஒன்பது மாதமாக இருந்த மகப்பேறு விடுப்பை 2021-ல் தமிழக அரசு ஒரு வருஷமாக்கியது, சின்னது பிறந்தபோது அதை முழுசாக எடுத்திருக்கிறார். "புள்ள பெத்ததுக்கு ஒரு வருஷம் லீவு குடுத்தாங்க. புள்ளைங்ககிட்டேருந்து ஒரு சாயங்காலம் லீவு கேட்டா யாரும் சாங்ஷன் பண்ண மாட்டேங்கறாங்க" என்று சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி.

சமையலறைக்கு வாருங்கள், நிஜமான தலைமையகம் அதுதான். பருப்புச் சாதம் குழையக் குழைய பிசைந்து, நெய் மணக்க இரண்டு கிண்ணங்களில். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு தாள். வரிசையாக உத்தரவுகள்: நீலக் கிண்ணத்தில் தந்தால்தான் பெரியவன் சாப்பிடுவான், பச்சைக் கிண்ணத்தைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. சின்னதுக்குத் தூளி ஆட்டும்போது நடுவில் நிறுத்தக்கூடாது. காது கிழிந்த முயல் பொம்மை காணாமல் போனால் முதலில் வாஷிங் மெஷினுக்குள் பார்க்கவும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: 'அம்மா எங்கேன்னு கேட்டா ஸ்கூல் மீட்டிங். ரெண்டு பேரும் ஒரே பொய்ய சொல்லணும்.'

முன்பெல்லாம் இவர்களுக்குச் சாயங்காலம் கிடைப்பது நெல்லை எக்ஸ்பிரஸ் கொண்டுவந்து இறக்கும் பாட்டியின் கையில் இருந்தது. பாட்டி எழும்பூரில் வந்து இறங்கினால் படம், ஊருக்குத் திரும்பினால் படமும் திரும்பிவிடும். பாட்டிக்கு இந்தத் தனியாகப் போகிற யோசனையே வேடிக்கையாம். "நாங்க எங்கட்டி தனியாப் போனோம்? டூரிங் டாக்கீஸ்ல புள்ளைய மணல்ல போட்டா அது பாட்டுக்குத் தூங்கும், நாங்க படம் பாப்போம்" என்பாராம். இப்போது பாட்டிக்கு முழங்கால் வலி, ரயில் பயணம் குறைந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டடத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன: இன்று உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், இன்னொரு நாள் என் பிள்ளையை நீ.

அழைப்பு மணி! மணி அடித்தால் சின்னது ஓடிவரும் என்பதால் அடிப்பதில்லை என்று ஒப்பந்தம், ஆனால் அடித்துவிட்டார். இன்றைய காவலர் முதல் மாடி வங்கி அதிகாரி. ஒரு கையில் தன் ஐந்து வயது மகள், அவள் கையில் அவளுடைய தலையணை. மனுஷர் முகத்தில் கிளைக்குத் தணிக்கை வந்துவிட்டதுபோல் ஒரு கவலை. என்னை ஓரங்கட்டிக் கேட்ட முதல் கேள்வி: "டயப்பர்ல முன்பக்கம் எதுங்க?"

இனிதான் உச்சக்கட்டம். வங்கிக்காரர் மகளும் பெரியவனும் பரமபதம் விரிக்கிறார்கள். சின்னது கவனம் தாயக்கட்டையை வாயில் போடுவதில் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அழுக்குத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா "துணி காயப் போட்டுட்டு வரேன்" என்று வாசலைத் தாண்டுகிறார். பின்னாலேயே "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று அப்பா. நானும் நழுவுகிறேன். லிஃப்ட் வேண்டாம், அது நிற்கும்போது 'டிங்' என்று சத்தம் போடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் படிக்கட்டில் இறங்குகிறோம். முதல் மாடித் திருப்பத்தில் நைட்டி தலைக்கு மேலே பறந்து கூடைக்குள் விழ, ஜிமிக்கி காதில் ஏற, கைப்பை தோளில் ஏற, தரைத்தளத்துக்கு வந்தபோது வேறு ஒரு பெண்மணி நிற்கிறார்! காரும் உள்ளே இல்லை, தெருவில் நிற்கிறது. பின்னால் எடுக்கும்போது அது பாடும் பாட்டு சின்னதுக்கு மனப்பாடமாம். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே சட்டை மாற்றினார், மேல் பொத்தான் மாறிப் போயிருந்தது. யாரும் சொல்லவில்லை, நேரமில்லை.

அவர்களை அனுப்பிவிட்டு, ஊஞ்சல் பக்கம் நின்ற மற்றப் பெற்றோர்களிடம் போனேன். "கடைசியா ரெண்டு பேரும் தனியா வெளிய போனது எப்போ?" கேட்டதுதான் தாமதம், கணவர்கள் மனைவியைப் பார்க்கிறார்கள், மனைவிகள் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "ஸ்கேன் எடுக்கப் போனது கணக்குல வருமா?" என்றார். இன்னொரு ஜோடிக்குப் 'பொன்னியின் செல்வன்'தான் காலண்டர். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, தியேட்டரில், கைகோத்துக்கொண்டு. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ல் வந்தது. நடுவில் ஏழே மாதம், ஆனால் அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். இரண்டாம் பாகத்தை வீட்டு டிவியில், சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பார்த்தார்களாம். சோழர் வரலாற்றில் இப்படியும் ஓர் அமைதியான பாகம்!

மாமியார் வீடு திருவனந்தபுரம் என்று சொன்ன ஒருவர் குறுக்கிட்டார். அங்கே கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி, நிளா, ஸ்ரீ தியேட்டர் வளாகத்தில் 2022-ல் 'அழுகை அறை' திறந்திருக்கிறார்கள். கண்ணாடி போட்ட, சத்தம் வெளியே போகாத அறை. தொட்டில், டயப்பர் மாற்ற இடம் எல்லாம் உண்டு. பிள்ளை அழுதால் அங்கே உட்கார்ந்தே படம் பார்க்கலாம். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "அது லீவு இல்லீங்க, டிரான்ஸ்ஃபர்."

மேலே திரும்பி வந்தால் வீடே மங்கிய வெளிச்சத்தில். "ஸ்கூல் மீட்டிங்" பொய் செல்லுபடியாகிவிட்டது. பெரியவனும் வங்கிக்காரர் மகளும் ஒரே போர்வைக்குள். பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளி கொக்கியில் ஆடிக்கொண்டிருக்கிறது, சட்டை முழுக்கப் பருப்புச் சாதத்துடன் வங்கிக்காரர் ஆட்டிக்கொண்டிருக்கிறார். தாலாட்டு தெரியாது. பேச்சு நின்றாலும் சின்னது முழித்துக்கொள்கிறது. ஆகவே தனக்குத் தெரிந்ததை ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார், நான் கேட்ட தாலாட்டுகளிலேயே விசித்திரமானது அதுதான்.

"வாஷிங்டன்ல கேபிடல் ஹில்லுன்னு ஓர் இடமாம்... அங்க சுமாரா நூத்தம்பது குடும்பமாம்... நம்மள மாதிரியே மாத்தி மாத்திப் புள்ளையப் பாத்தாங்களாம்..." கணக்குக்குச் சீட்டு அடித்து வைத்திருந்தார்களாம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் சீட்டு கிடைக்கும், வெளியே போனால் சீட்டு செலவாகும். அங்கேதான் சிக்கல். பின்னால் முக்கியமான நாளுக்கு உதவும் என்று எல்லோரும் சீட்டைப் பதுக்க ஆரம்பித்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. யாரும் போகாததால் பார்த்துக்கொள்ளப் பிள்ளையும் இல்லை, புதுச் சீட்டு சம்பாதிக்க வழியும் இல்லை. கட்டாயம் வெளியே போகணும் என்று விதிகூடப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் சீட்டைக் கூடுதலாக அச்சடித்துக் கொடுத்ததும் ஜோடி ஜோடியாகக் கிளம்பிவிட்டார்கள். அதே சங்கத்தில் இருந்த ஜோன் ஸ்வீனி, ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977-ல் இதைப் பொருளாதாரக் கட்டுரையாகவே எழுதினார்கள். 2008-ல் நோபல் வாங்கிய பால் க்ருக்மன் மந்தநிலையை விளக்க இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "...அப்புறமா சீட்டு அதிகமாப் போயி, அதுவும் ஒரு தொல்லையாச்சாம்..." என்று இழுத்தபோது தூளிக்குள் மூச்சு சீரானது. பொருளாதாரம் வேலை செய்கிறது!

நிறுத்தாமல் ஆட்டியபடியே இவர்களுடைய கணக்கு நோட்டை இடது கையால் எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் 'பாத்துக்கிட்டது', மறுபக்கம் 'விட்டுட்டுப் போனது'. முதல் சில மாதப் பக்கங்களைப் புரட்டினேன். 'பாத்துக்கிட்டது' பக்கத்தில் மாலை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று குட்டிக் குட்டியாக வரவு. மறுபக்கம் அனேகமாக வெள்ளைத்தாள். "கல்யாண நாளைக்கு வேணும்னு சேத்து வெச்சாங்க. கல்யாண நாளன்னைக்குப் புள்ளைக்குச் சளி." இதைப் பார்த்துத்தான் அவருக்கு கேபிடல் ஹில் ஞாபகம் வந்ததாம். மருந்து இவர் கண்டுபிடித்ததுதான்: ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வரவை அழித்துவிடுவார். பயன்படுத்தாத நேரம் போனது போனதுதான். வங்கிக்காரர் கையால் வரவை அழிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் அழிக்க ஆரம்பித்த பிறகுதான் நோட்டில் வலது பக்கம் நிரம்பத் தொடங்கியிருக்கிறது.

எனக்கென்னவோ நம் ஊரில் ஆள் இல்லாதது சின்னப் பிரச்சினை என்றுதான் படுகிறது. கேட்கக் கூச்சம், அதுதான் பெரிய பூட்டு. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்றால் பிள்ளையை எதிர்வீட்டில் தைரியமாக விடுவோம், தோசை சாப்பிடப் போகிறோம் என்று சொல்லி விடுவதற்கு நாக்கு எழும்பாது. இந்த வீட்டு அம்மாகூட முதல் தடவை 'பேங்க் வேலை' என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனாராம். யாரிடம்? இதே வங்கிக்காரரிடம். ஞாயிற்றுக்கிழமை அன்று!

பத்தேகால். கதவு பூனை நடையில் திறந்தது. மயில்கழுத்துச் சுடிதார் கசங்கியிருக்கிறது, அப்பாவின் பொத்தான் இன்னும் மாறியே இருக்கிறது. "படம் எப்படி?" என்று ஆவலாகக் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் ஒத்துக்கொண்டார்: "ஏசி பிரமாதம்." பெயர் போட்டு முடியும்போது கண்ணை மூடியவர்கள், இடைவேளை வெளிச்சத்தில்தான் முழித்தார்களாம். வாயில் எச்சில் ஒழுக. பிறகு பாப்கார்ன் வாங்கிவந்து உட்கார்ந்து, மறுபடியும் தூக்கம். வில்லன் யார் என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் சாப்பிட்ட ரவா தோசையைப் பற்றி அம்மா ஐந்து நிமிஷம் பேசினார். ஓரம் முறுகலாக, கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்ததை, ஆறுவதற்குள், இரண்டு கையும் சும்மா இருக்கும்போது, முழுசாக, தன் பங்கைத் தானே சாப்பிட்டாராம். கணவரும் அதே நேரத்தில், எதிரே உட்கார்ந்து. வழக்கமாக ஒருவர் சாப்பிட, ஒருவர் கைகழுவும் இடத்தில் பிள்ளையோடு நிற்பதுதான் முறை.

வங்கிக்காரர் தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். தலையணையை நான் எடுத்துக் கொடுத்தேன். "நாலேகால் மணி நேரம், எழுதிக்குங்க" என்று கதவருகே சொன்னார். "அடுத்த சனிக்கிழமையே எடுத்துக்கறேன். எம் பொண்டாட்டிகிட்ட சொல்லியாச்சு." சின்னது தூளிக்குள் ஒரு முறை சிணுங்கியது. நாலு பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றோம். அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

உங்கள் மாடியிலும் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி இருக்கும். அவர்களிடம் "எப்ப வேணும்னாலும் விட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்ன வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. "இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் வரேன், ஒன்பதரை வரைக்கும் இருப்பேன்" என்று நாளும் மணியும் சொல்லுங்கள். வாசலில் மணி அடிக்காதீர்கள். டயப்பரில் முன்பக்கம் எது என்று போவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.